பழைய பிக்கப்பில் ஏசி குளிரவில்லை: கேஸ் நிரப்பச் சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

கடலூரிலும் புதுச்சேரியிலும் கத்திரி வெயில் நாட்களில் பழைய பிக்கப் ஓட்டுபவரை வாட்டுவது வெயிலைவிடப் புழுக்கம்தான். கடற்காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், இங்கே ஏசி காற்றைக் குளிரச் செய்வதோடு அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அதன் திறனில் கணிசமான பங்கு இந்த இரண்டாவது வேலைக்கே செலவாகிவிடுகிறது. ஆகவே உள்மாவட்டத்தில் நன்றாகக் குளிரும் அதே ஏசி, இந்தக் கடலோரத்தில் அரைகுறையாகக் குளிர்ந்தால் அதில் வியப்பில்லை. சிறிய குறைகூட இங்கே உடனே தெரிந்துவிடும்.

என்னிடம் இருப்பது டாடா மொபைல் 206. 1988-இல் முதன்முதலாக வெளிவந்த இந்த பிக்கப், 1948 சிசி டீசல் இஞ்சின் கொண்டது. என் வண்டியில் கம்பெனி ஏசி கிடையாது. டேஷ்போர்டுக்குக் கீழே பொருத்தும் தனி கூலிங் யூனிட்டை வெளியே வாங்கிப் பொருத்தினேன். முதல் ஓராண்டில் மூன்று முறை கேஸ் நிரப்பினேன். மூன்று முறையும் இரண்டு மாதம் குளிர்ந்தது, பிறகு பழைய கதையே தொடர்ந்தது. நானே அழுத்தம் அளக்கும் கேஜ் வாங்கி அளந்து பார்த்தபோதுதான், விசிறி ஒன்று தலைகீழாகச் சுற்றியதையும், கிரிலுக்குப் பின்னால் நின்று கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் இணைப்பு ஒன்றில் எண்ணெய் கசிந்திருந்ததையும் கண்டேன். பட்டறைகளில் எந்தக் கோளாறுக்கும் முதலில் சொல்லப்படும் பதில் ‘கேஸ் குறைந்திருக்கும்’ என்பதுதான். கேஸைப் பற்றிக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும் என்பது என் அனுபவம்; கீழே உள்ள வரிசையும் அதன்படியே அமைந்திருக்கிறது. இதில் உள்ளவை அனைத்தும் ஆர்-134ஏ கேஸில் இயங்கும் 12 வோல்ட் அமைப்புக்கு உரியவை.

முதலில் அளவு எடுங்கள்

அறிகுறியைச் சொல்லி மெக்கானிக்கிடம் வாதாடுவதற்கு முன், சில எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் வெளிக்காற்றின் வெப்பம், ஏசி வாயிலில் செருகிய வெப்பமானி காட்டும் அளவு, நீலக் கேஜின் தாழ்வழுத்தம் (கம்ப்ரசருக்குள் கேஸ் நுழையும் பக்கம்), சிவப்புக் கேஜின் உயரழுத்தம் (கேஸ் அழுத்தப்பட்டு வெளியேறும் பக்கம்) ஆகியவையே அவை. கதவுகளை மூடி, புளோயரை முழு வேகத்தில் வைத்து, இஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 1500 சுற்றில் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகே அளக்க வேண்டும்.

வெளியே 35 டிகிரி இருக்கும்போது, சீரான அமைப்பில் தாழ்வழுத்தம் 25 முதல் 45 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரையிலும், உயரழுத்தம் ஏறக்குறைய 200 முதல் 250 பிஎஸ்ஐ வரையிலும் இருக்கும். வாயிலில் 8 முதல் 12 டிகிரி வந்தால் நம் ஊர் ஈரத்துக்கு அது நல்ல விளைவு. தாழ்வழுத்தம் 30 பிஎஸ்ஐ என்றால் கூலிங் காயிலுக்குள் கேஸ் கொதிக்கும் வெப்பநிலை 2 டிகிரிக்கு அருகில் இருக்கிறது என்று பொருள். 27 பிஎஸ்ஐக்குக் கீழே அது உறைநிலையைத் தொட்டுவிடும். இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்தால் பின்வரும் பலவும் எளிதில் விளங்கும்.

காற்று வருகிறது, குளிர் துளியும் இல்லை

சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரசரின் முகப்பிலிருந்து ‘டக்’ என்ற கிளட்ச் ஒலி வருகிறதா என்று கேளுங்கள். ஒலி இல்லையென்றால் பெரும்பாலும் அது மின்சாரக் கோளாறு. இஞ்சின் ஓடும் நிலையில், கிளட்ச் ஒயரில் மல்டிமீட்டரை வைத்து அளக்க வேண்டும். அங்கே 12 வோல்ட்டுக்கு மேல் வந்தும் கிளட்ச் ஒட்டவில்லையென்றால், கிளட்சின் மின்காயில் எரிந்திருக்கும், அல்லது தேய்மானத்தால் கிளட்ச் தட்டின் இடைவெளி கூடியிருக்கும். பரவலாகப் பயன்படும் சாண்டன் வகைக் கம்ப்ரசர்களில் அந்த இடைவெளி 0.4 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் இருந்தால் இரண்டு நிமிட வேலை. இடைவெளி கூடிய கிளட்ச், காலையில் ஒட்டி, சூடேறிய பின் மதியத்தில் ஒட்டாமல் போகும். அப்போதும் பழி கேஸ் மீதே விழும்.

வோல்ட் வரவேயில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, தெர்மோஸ்டாட், பிரஷர் சுவிட்ச் என்ற வரிசையில் பின்னோக்கிச் செல்லுங்கள். பிரஷர் சுவிட்ச் வரை மின்சாரம் வந்து அதைத் தாண்டவில்லையென்றால், சுவிட்சைக் குறுக்கே இணைத்து ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, முதலில் கேஜை மாட்டுங்கள். கேஸ் போய்விட்டால் கம்ப்ரசர் ஓடாமல் காப்பதற்காகவே அந்த சுவிட்ச் இருக்கிறது. கம்ப்ரசருக்கு எண்ணெயைக் கொண்டுசேர்ப்பதும் கேஸ்தான். இஞ்சின் நின்று ஆறிய நிலையில் 30 டிகிரி வெப்பத்தில் இரண்டு கேஜும் சுமார் 97 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். அதைவிட வெகுவாகக் குறைந்து 40, 50 என்று காட்டினால் மட்டுமே கேஸ் வெளியேறிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் 97 காட்டுவதால் கேஸ் போதுமான அளவு இருக்கிறது என்று ஆகிவிடாது. உள்ளே கொஞ்சமேனும் திரவமாக இருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

கிளட்ச் ஒட்டுகிறது, ஆனால் 11 வோல்ட்தான் வருகிறது என்ற நிலை பழைய வண்டிகளுக்கே உரியது. கிளட்சுக்கு ஏறக்குறைய 4 ஆம்பியர், புளோயருக்குப் பத்துக்கு மேல், கண்டென்சர் விசிறிக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை என்று கூட்டினால் 25 ஆம்பியரைத் தாண்டக்கூடும். இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்தால் 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டரால் ஈடுகொடுக்க முடியாது. 65 ஆம்பியராவது தேவை. ஆல்டர்னேட்டரை மாற்றிவிட்டு, அதிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் பழைய மெல்லிய ஒயரை அப்படியே விட்டுவிடுவது பெரிய தவறு. கேபின், இஞ்சின், பேட்டரி ஆகிய மூன்றுக்கும் இடையிலான எர்த் இணைப்புகளையும் கழற்றி, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி முறுக்குங்கள். உப்புக்காற்றில் எர்த் இணைப்புதான் முதலில் கெடும்.

ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றதும் வெப்பக்காற்று

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்த அறிகுறிதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்லும்போது நன்றாகக் குளிரும். புதுச்சேரிக்குள் நுழைந்து ராஜீவ் காந்தி சதுக்கத்தில் நின்றால் இரண்டே நிமிடத்தில் வியர்க்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கிறது, நின்றதும் அது இல்லாமல் போகிறது. ஆகவே பழுது கேஸில் அல்ல, கண்டென்சர் வழியே செல்லும் காற்றோட்டத்தில்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

இதை உறுதி செய்ய ஒரு வாளித் தண்ணீர் போதும். வண்டியை நிறுத்தி, ஐட்லிங்கில் உயரழுத்தம் 300 பிஎஸ்ஐக்கு மேல் ஏறும்வரை காத்திருந்து, முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மீது சீராகத் தண்ணீர் தெளியுங்கள். சிவப்பு முள் விரைவாக இறங்கி, ஏசி வாயிலில் குளிர்ச்சி திரும்பினால், காற்றோட்டக் குறைவு என்று முடிவு கட்டலாம். தண்ணீர் ஊற்றியும் மாற்றமில்லை, உயரழுத்தமும் முதலிலிருந்தே தாழ்ந்தும் நீல முள் உயர்ந்தும் நிற்கிறது என்றால், கம்ப்ரசரின் உள்வால்வுகள் தேய்ந்திருக்கலாம். ஐட்லிங்கில் போதிய அழுத்தம் ஏற்ற அதனால் முடிவதில்லை.

காற்றோட்டம்தான் காரணம் என்று தெரிந்த பின், முதலில் விசிறியின் திசையைப் பாருங்கள். கண்டென்சருக்கு முன்னால் பொருத்தப்பட்ட விசிறி காற்றை ரேடியேட்டரை நோக்கித் தள்ள வேண்டும். இஞ்சினோடு சுழலும் விசிறியும் அதே திசையில் இழுக்கும். என் வண்டியில் இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருந்ததால், முன்விசிறி காற்றை வெளியே தள்ளியது, பின்விசிறி உள்ளே இழுத்தது. நடுவில் கண்டென்சர் வெந்துகொண்டிருந்தது. இஞ்சினை அணைத்து, விசிறியை மட்டும் ஓடவிட்டு, கிரிலுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் உள்ளே இழுக்கப்பட்டு ஒட்டிக்கொண்டால் திசை சரி. திசை தவறென்றால் ஒயரை மாற்றினால் மட்டும் போதாமல் போகலாம். தள்ளும் விசிறிக்கும் இழுக்கும் விசிறிக்கும் இறக்கையின் வளைவு வேறு; தவறான இறக்கை சரியான திசையில் சுழன்றாலும் காற்று குறைவாகவே வரும்.

அடுத்தது, கண்டென்சரைச் சுற்றியுள்ள சந்துகள். வண்டி நிற்கும்போது இஞ்சின் அறையின் வெப்பக்காற்று பக்கவாட்டு இடைவெளிகள் வழியே முன்னால் வந்து மீண்டும் கண்டென்சருக்குள்ளேயே நுழைகிறது. ரேடியேட்டரின் ஓரங்களையும் மேல்பகுதியையும் நுரைப்பட்டையால் அடைத்ததிலேயே எனக்கு உயரழுத்தம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது. கண்டென்சர் குழாய்-இறக்கை வகையாக இருந்தால், பல தட்டைக் குழாய்களில் கேஸ் ஒரே நேரத்தில் பாயும் பேரலல் ஃப்ளோ வகைக்கு மாறுவது நல்லது. கிரிலுக்குப் பின்னால் கிடைக்கும் இடத்தை அளந்து, அதில் பொருந்தும் மிகப் பெரிய கண்டென்சரையே வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கடைசியாக ஐட்லிங் வேகம். பெட்ரோல் வண்டியில், ஏசி போட்டதும் ஐட்லிங்கை உயர்த்தும் ஐடில்-அப்பை, வேக்கத்தால் (உறிஞ்சும் விசையால்) இயங்கும்படி பொருத்துவது எளிது. பழைய டீசலில் உறிஞ்சு குழாயில் அத்தகைய வேக்கம் இல்லாததால், பிரேக்குக்காக இருக்கும் வேக்கம் பம்பிலிருந்து ஒரு சிறு சோலினாய்டு (மின்சாரத்தால் திறக்கும் வால்வு) வழியாக இணைப்பு எடுக்க வேண்டும், அல்லது ஐட்லிங்கைச் சற்றே உயர்த்தி வைக்க வேண்டும். பிரேக்கின் வேக்கம் குழாயை வெட்டும் வேலையை அனுபவமுள்ள ஒருவரிடம் மட்டும் கொடுங்கள்.

அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு நின்றுவிடுகிறது

ஒரே புகார் போல் தோன்றும் இதற்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. கையை வாயிலில் வைத்து, காற்றின் வேகம் குறைந்ததா, குளிர்ச்சி மட்டும் குறைந்ததா என்று பிரித்தறிய வேண்டும்.

காற்றின் வேகமே குறைந்து, புளோயர் மட்டும் இரைந்துகொண்டிருந்தால், கூலிங் காயிலில் பனி படிந்து காற்று வழியை அடைத்திருக்கிறது. ஈரமிகுந்த நம் கடற்கரையில் இது மழைக்காலத்தில் அதிகம் நிகழும். ஏசி சுவிட்சை மட்டும் அணைத்து, புளோயரை ஓடவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டி, காற்று திரும்பினால் ஐயமே இல்லை. தெர்மோஸ்டாட்டின் உணர்குழாய் காயிலின் இறக்கைகளுக்குள் போதிய ஆழத்தில் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருப்பதே பெரும்பாலும் காரணம். காயிலின் மேற்பரப்பு 1, 2 டிகிரிக்கு இறங்கும்போது கம்ப்ரசர் நிற்க வேண்டும். குழாய் வெளியே தொங்கினால் அந்தக் குளிர் அதற்குத் தெரியாது. காயிலில் தூசி அடைந்திருப்பதும், கேஸ் சற்றே குறைந்திருப்பதும்கூடப் பனியை உண்டாக்கும்.

காற்று முழு வேகத்தில் வருகிறது, ஆனால் வெப்பமாக வருகிறது. ஐந்து நிமிடம் அணைத்து வைத்தால் மீண்டும் குளிர்கிறது என்றால், அமைப்புக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் அந்த ஈரம் பனியாக உறைந்து கேஸின் வழியை அடைக்கிறது. அப்போது நீல முள் சுழியத்தை நோக்கியோ அதற்கும் கீழேயோ இறங்குவதைக் காணலாம். இதற்குக் கேஸைக் கூட்டுவது தீர்வே அல்ல. இருக்கும் கேஸை மீட்பு இயந்திரத்தில் எடுத்து, ஈரத்தை உறிஞ்சும் புதிய டிரையர் போட்டு, நீண்ட நேரம் வேக்கம் எடுக்க வேண்டும், அதாவது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும்.

வேக்கம் எடுப்பதில்தான் சிறிய பட்டறைகளில் அவசரம் காட்டுகிறார்கள். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் கொதித்து ஆவியாக வேண்டுமென்றால், உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இறங்க வேண்டும். கடல்மட்டத்தில் இருக்கும் நம் ஊர்களில் கேஜ் 29 அங்குலப் பாதரச வேக்கத்தைத் தொட்டால்தான் அது நடக்கும். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரை வேக்கம் பம்பாக மாற்றிப் பயன்படுத்தும் இடங்களில் முள் 26, 27 அங்குலத்தில் நின்றுவிட்டால், ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் ஈரம் வெளியேறாது. உரிய இரண்டு-நிலை பம்பில் 45 நிமிடம் எடுத்து, பம்பை நிறுத்தி, அரை மணி நேரம் முள் அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கேஸுக்குச் செல்ல விடுங்கள். டிரையரின் மூடிகளையும் கடைசி நிமிடத்தில்தான் கழற்ற வேண்டும். கார்த்திகை மழையில் அரை நாள் திறந்து கிடந்த டிரையர் காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சித் தன் வேலையை முடித்துவிட்டிருக்கும்.

இரவில் குளிர்கிறது, பகலில் போதவில்லை

கேஜ் எண்கள் சரியாக இருந்தும் இந்தக் குறை இருந்தால், ஏசியை விட்டுவிட்டுக் கேபினைப் பாருங்கள். பழைய பிக்கப்பின் கூரை ஒற்றைத் தகடு. மதிய வெயிலில் அதைத் தொட முடியாது. முன்னாலிருந்து இஞ்சினும் தரைக்குக் கீழிருந்து சைலன்சரும் சூட்டைத் தருகின்றன. கூரையின் உள்துணியைக் கழற்றி, தகட்டில் பியூட்டைல் தாளும் (ஒட்டும் ரப்பர் தாள்), அதன்மேல் மூடிய துளைகள் கொண்ட ரப்பர் நுரையும் ஒட்டுவது ஒரு நாள் வேலை. கேஸ் கூட்டுவதால் கிடைக்காத பலன் அதில் கிடைக்கும். பெடல்களும் ஸ்டீயரிங் தண்டும் ஒயர் கட்டுகளும் நுழையும் ஓட்டைகளுக்கு அருகில் ஊதுபத்தியைப் பிடித்து, புகை எங்கே இழுபடுகிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாக அடையுங்கள். கதவோரத்து ரப்பர் பீடிங்குகளையும் மாற்றுங்கள்.

கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியைக் கடத்த வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. இரவில் சாலையோரம் நடப்பவரைக் காண்பதற்கும் அது தேவை. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகின்றவற்றுக்கு ஓட்டுநர் அறையில் ஏசி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் ஏற்றிக்கொண்டு நாள் முழுதும் வெயிலில் ஓடும் பழைய சிறு பிக்கப்புகளின் ஓட்டுநர்களுக்கு அந்த ஆணையால் பயனில்லை. அவர்களும் அதே வெயிலில்தான் ஓட்டுகிறார்கள் என்பதால்தான் இந்த வேலையை ஆடம்பரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஏசி போட்டால் இஞ்சின் சூடேறுகிறது

கண்டென்சர் வெளியேற்றும் வெப்பம் முழுவதும் ரேடியேட்டரின் முகத்தில்தான் விழுகிறது. அதுவரை தட்டுத்தடுமாறிச் சமாளித்த ரேடியேட்டர் அப்போது தோற்றுப்போகிறது. கடலோர ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு ஆண்டுக்கணக்கில் குழாய்களில் படிந்திருக்கும் என்பதால், ரேடியேட்டரைக் கழற்றி உட்புறம் துப்புரவு செய்து, காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். இஞ்சினின் கூலன்ட் வழியில் இருக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் (ஏசியின் தெர்மோஸ்டாட் வேறு) கழற்றி எறிவது தீர்வல்ல. ஓட்டத்தில் எப்போதும் முள் ஏறினால் ரேடியேட்டரையும், நிற்கும்போது மட்டும் ஏறினால் முன்பு சொன்ன விசிறியையும் சந்தேகியுங்கள்.

பெல்ட் கிறீச்சிடுதல், காலில் நீர் சொட்டுதல்

பெல்ட் சத்தம் போட்டால் இறுக்குவதற்கு முன், புல்லிகளின் மேல் நேரான இரும்புப் பட்டையை வைத்து அவை ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டீசல் அதிர்வில் பிராக்கெட் விரிசல் விட்டு, கம்ப்ரசர் சாய்ந்திருப்பது அடிக்கடி நேரும். இதே குடும்பத்து இஞ்சினோடு வந்த பழைய டாடா சியரா காரில் ஏசி இருந்ததால், அதன் கம்ப்ரசர் பிராக்கெட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி, அளந்து பார்த்துப் பொருத்துவது லேத் பட்டறையில் வெட்டிய ஒற்றைத் தகட்டைவிட நம்பகமானது. காலடியில் நீர் சொட்டினால், கூலிங் யூனிட்டின் வடிகுழாய் அடைத்திருக்கும் அல்லது மேல்நோக்கி வளைந்திருக்கும். அதைச் சரிசெய்தால் பூஞ்சை வாடையும் குறையும்.

ஒவ்வொரு ஆண்டும் கேஸ் குறைகிறது

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, இரண்டு முட்களும் தாழ்ந்தே நிற்கும்போதுதான் கேஸைப் பற்றிப் பேச வேண்டும். கேஸ் தேய்ந்து போவதில்லை. குறைந்தால் கசிகிறது என்றே பொருள். கேஸோடு எண்ணெயும் வெளியேறுவதால், இணைப்புகளில் பிசுபிசுப்பாகத் தூசி ஒட்டியிருக்கும் இடத்தை முதலில் தேடுங்கள். நம் ஊரில் நான் கண்ட கசிவுகளில் பெரும்பாலானவை இரும்புப் பிராக்கெட் அலுமினியக் கண்டென்சரை நேராகத் தொடும் இடங்களில் இருந்தன. உப்பு ஈரத்தில் இரு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். இடையில் ரப்பர் பட்டை வைத்து, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கண்டென்சரைக் கழுவினால் அதன் ஆயுள் கூடும். ஹோஸ் ஆர்-134ஏ கேஸுக்கு உரிய தடுப்புப் படலம் கொண்டதாகவும், ஓ-ரிங் அதற்குரிய ரப்பராகவும் இருக்க வேண்டும்.

கசிவு சோதனைக்கு ரெகுலேட்டர் பொருத்திய நைட்ரஜனை மட்டும் பயன்படுத்துங்கள். 150 பிஎஸ்ஐ ஏற்றி, சோப்பு நுரை தடவி, இரவு முழுதும் விட்டுப் பாருங்கள். ஆக்சிஜனையோ பட்டறைக் காற்றையோ ஏற்றுவது வெடிவிபத்துக்கு இடம் தரும். மலிவு என்று சமையல் எரிவாயு கலந்த கேஸை நிரப்பச் சொன்னால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். மூடிய கேபினில் காயில் கசிந்தால் அது நெருப்புக்கு வழி. கேஸைத் தொடும் வேலையில் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பதால் தோலை உடனே உறைய வைக்கும்.

நிரப்பும்போது டிரையரின் மேலுள்ள சிறு பார்வைக் கண்ணாடியில் குமிழி மறையும்வரை என்று கணக்கு வைக்காதீர்கள்; ஆர்-134ஏ அமைப்பில் குமிழி முழுதும் மறைவதற்குள் அளவு மிகுந்துவிடக் கூடும். மிகுந்தால் இரண்டு முட்களும் உயர்ந்து, குளிர்ச்சி குறையும். எடைத் தராசில் சிலிண்டரை வைத்து, 500 கிராமில் நிறுத்தி, முன்பு சொன்னபடி அளந்து, பிறகு 50 கிராமாகக் கூட்டி, வாயிலின் வெப்பம் மேற்கொண்டு இறங்காத இடத்தில் நிறுத்துங்கள். என் வண்டியில் அது 650 கிராமில் அமைந்தது. உங்கள் கண்டென்சரின் அளவுக்கும் ஹோஸின் நீளத்துக்கும் ஏற்ப அது மாறும். கிடைத்த எடையையும், கம்ப்ரசரில் ஊற்றிய எண்ணெயின் வகையையும், தேதியையும், அன்றைய இரண்டு கேஜ் எண்களையும் ஒரு தாளில் எழுதி, பானெட்டின் உட்புறத்தில் நீர் புகாதபடி ஒட்டிவையுங்கள். கம்பெனி ஏசியில் இருக்கும் ஸ்டிக்கர் நம் வண்டியில் இல்லாததால், அடுத்து பானெட்டைத் திறக்கும் மெக்கானிக் தம்பிக்கு அந்தத் தாள்தான் வழிகாட்டி.